நான் இழுத்து வாசித்த விடை

இக்குறிப்பை வாசிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எழுத்து என்று என்னிடம் இருப்பதெல்லாம், சிங்கப்பூர் நூலகங்களில் விடுமுறை நாள்களில் உட்கார்ந்து நானாகத் தேடிக்கொண்டது. ஆகவே நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். செய்தியில் நான் எதையும் குறைத்து எழுதவில்லை.

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள சாப்பாட்டுக் கடையில் தேநீர் சொல்லிவிட்டு அமர்ந்திருந்தேன். ஞாயிறன்று அவ்வட்டாரம் எப்படி இருக்கும் என்பதை, இங்கு வேலைக்கு வந்து திரும்பிய தங்கள் உறவினர் யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். தீவின் நாலா பக்கத்து விடுதிகளிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் வந்து கூடுவார்கள். நடைபாதையில் கால் வைக்க இடம் இராது. என் மேசையின் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்பதை நெருங்கும் ஒருவர் அமர்ந்தார்.

"அண்ணே! டிரெய்னிங் சென்டர் அண்ணந்தானே நீங்க?"

ஆம் என்றேன். முகம் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை.

"பேரு எதுக்குண்ணே. எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க. நான் பட்டுக்கோட்டைப் பக்கம். உங்க புண்ணியத்துல பாஸ் ஆன ஆளு." கல்லாவில் நின்ற பெண்மணியின் பக்கம் திரும்பினார். "அக்கா, அண்ணனுக்கு ஒரு பிளேட் வடை குடுங்க. இவரு தொண்டைக்குக் கோயில்ல பாட்டுப் பாடியிருக்கணும். எங்களுக்கு 'ஆ'ன்னு இழுத்தே வேலை வாங்கிக் குடுத்துட்டாரு லா!"

அந்தப் பெண்மணி சிரித்தார். இவரும் சிரித்தார். இத்தகைய பாராட்டைக் கேட்டு உள்ளம் குளிர்ந்த காலம் எனக்கும் இருந்தது. அன்று தேநீர்க் குவளையைத் தொடக்கூட என்னால் இயலவில்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இக்குறிப்பை எழுத வைத்தது. ஆனால் அப்பதில் தங்களுக்கு விளங்க வேண்டுமெனில், நான் செய்த காரியத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

2

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் இங்கு வந்தது பலகை அடிக்கும் தச்சனாக. கான்கிரீட் ஊற்றுமுன் பலகையால் அச்சுக் கட்டி, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்தி, கான்கிரீட் இறுகிய பின் முட்டெடுத்துப் பலகையைப் பிரிக்கும் வேலை அது. ஊரில் இதைச் சென்ட்ரிங் என்பார்கள். முழங்கால்கள் தேயும் வரை அதைச் செய்தேன். பிறகு, புதிதாக வரும் தொழிலாளர்களுக்குத் தச்சும் கட்டுமானமும் கற்பித்துச் சோதிக்கும் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கற்பிக்கும் வேலை அன்று. பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வின்போது, வாசிப்பதற்குச் சிரமப்படுவோருக்குக் கேள்வியையும் நான்கு விடைகளையும் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். சரியான விடையின் எதிரில் உள்ள வட்டத்தை அவர்கள் பென்சிலால் நிரப்புவார்கள். தேறாதவர்களுக்கு இங்கே வேலையில்லை.

நான் இங்கு வருவதற்கு முன் எனக்கும் ஒரு சோதனை நடந்தது. சென்னைக்கு வெளியே ஒரு வெட்டவெளியில், வெயிலில், ஒரு தூணுக்குப் பலகைப் பெட்டி அடிக்கச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் அடித்தவர் என்னைவிடக் கைத்தேர்ச்சி உள்ளவர். அவர் அடித்த பெட்டியில் தூக்குக்குண்டு நூல் பிசகாமல் நின்றது. ஆனால் தாளில் கேட்ட கேள்விகளுக்கு அவரால் எழுத முடியவில்லை. அவரை நீக்கினார்கள். திரும்பும் பேருந்தில் எனக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தார். கருவிப் பையை மடியில் வைத்து, வழி நெடுக அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அந்தப் பயணத்தை நான் மறக்கவில்லை. நிலையத்தில் சேர்ந்த முதலாண்டில், விடை தெரியாமல் பென்சிலை அழுத்தித் தாளைக் கிழித்துவிட்ட ஒருவரைக் கண்டபோது அது மீண்டும் கண் முன் வந்தது. மறு கேள்விக்குச் சரியான விடையை வாசிக்கும்போது என் குரல் தானாகச் சற்று நீண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வட்டத்தை நிரப்பினார். அதற்கடுத்த கேள்விக்குக் குரல் தானாக நீளவில்லை, நானே நீட்டினேன்.

இதைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை, எவரும் என்னிடம் கேட்டதுமில்லை. ஆயினும் விடுதிக்கு விடுதி அது பரவிற்று. ஒருமுறை கழிவறைக்கு வெளியே நின்றபோது, புதிதாக வந்த ஒருவருக்கு மற்றவர் சொல்லிக் கொடுத்ததை என் காதாலேயே கேட்டேன்.

"கேள்வி புரியுதா புரியலையான்னு மண்டையை ஒடைச்சுக்காத. அண்ணன் குரல் எங்க உக்காருதோ, அங்க பென்சில் உக்காரணும். அம்புட்டுத்தான்."

நான் வெட்கப்படவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமைப்பட்டேன். கையில் தொழில் இருப்பவனுக்குத் தாள் எதற்கு என்பது என் எண்ணமாக இருந்தது. அதிகாரிகள் தங்கள் மன நிறைவுக்காக வைக்கும் சடங்கு அது என்றே நம்பினேன்.

3

சின்னத்துரை என்பவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். நாற்பத்து நான்கு வயது. இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை. ஊரில் பதினைந்து ஆண்டுகள் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். முதல் நாள் செய்முறைப் பயிற்சியில் அவர் ஆணி அடித்ததைப் பார்த்து, சீனரான எங்கள் பயிற்றுநர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சின்னத்துரை என்னிடம், "சாரு என்னண்ணே சொல்றாரு, இன்னொண்ணு அடிக்கவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் முட்டெடுக்கும் பாடம். பயிற்சி முற்றத்தில் அதற்கென ஒரு மாதிரித் தளம் உண்டு. அன்று பெருமழை. முற்றத்தில் இறங்க முடியாமல், கொட்டகைக்குள் நிறுத்திப் படத்தைக் காட்டியே பயிற்றுநர் பாடத்தை முடித்தார். நான் தமிழில் சொன்னேன். கூரைத் தகரத்தின் மீது விழுந்த மழையில் பாதி காதில் விழுந்திராது. "புரிந்ததா?" என்று பயிற்றுநர் கேட்டார். "புரிஞ்சது சார்" என்று இருபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நம்மவர்கள் ஆசானைப் பார்த்துப் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள்; அது அவருக்கு மரியாதைக் குறைவு என்று எண்ணுவார்கள். இது எனக்குத் தெரியும். பயிற்றுநருக்குத் தெரியாது. தெரிந்த நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அன்றைய பாடத்தில் முக்கியமான ஒன்று இருந்தது. கட்டடத்தின் வாசலுக்கு மேல் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்குத் தூண் எதுவுமின்றி வெளியே நீண்டு நிற்கும் முகப்புத் தளம் இருக்கிறதல்லவா, அதன் அடியில் உள்ள முட்டுகளை வெளிமுனையிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி எடுத்து வர வேண்டும். சுவரோரத்து முட்டுகளை முதலில் எடுத்தால், வெளிமுனை முட்டில் ஊன்றியபடி தளத்தின் நடு வயிறு தொங்கும். அங்கே அதைத் தாங்குவதற்குக் கம்பி கிடையாது. கம்பி மேற்புறத்தில் இருக்கும்.

ஊரில் நாங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தே பழகியவர்கள். சுவரோரத்தில் தொடங்கி வெளியே வருவோம். பலகை ஏதும் சரிந்தால் ஓடுவதற்குப் பின்னால் வழி திறந்திருக்க வேண்டும் என்பது காரணம். ஊரில் முகப்புகள் சிறியவை; பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன.

மறுநாள் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. முதல் விடை: சுவர்ப் பக்கத்திலிருந்து. இரண்டாவது: வெளிமுனையிலிருந்து. மூன்றும் நான்கும் வேறு. இரண்டாவதை வாசிக்கையில் என் குரல் வழக்கம்போல் நீண்டது. சின்னத்துரையின் பென்சில் அங்கே உட்கார்ந்தது.

4

அதன் பின் ஏழு மாதங்கள் கழித்து, கட்டடப் பணியிடம் ஒன்றில் முகப்புத் தளத்தின் முட்டுகளை எடுக்கும்படி சின்னத்துரையிடம் சொன்னார்கள். மேற்பார்வையாளர் வேறிடத்தில் இருந்தார். சின்னத்துரை பதினைந்தாண்டுப் பழக்கப்படி சுவரோரத்திலிருந்து தொடங்கினார். இரண்டாம் வரிசையைத் தொட்டபோது தளம் நடுவில் வெடித்தது. பின்னால் ஓடினார். திறந்திருந்த அவ்வழியில்தான், சாய்ந்து வந்த முட்டு ஒன்று அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே நொறுக்கியது.

எனக்குச் செய்தி வந்து, மருத்துவமனைக்குப் பார்க்கச் சென்றேன். கால் முழுவதும் கட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"படுங்க, படுங்க. எப்படி இருக்கு?"

"வலி பரவாயில்லண்ணே. கம்பெனியில இருந்து வந்தாங்க. நான் எழுதுன பேப்பரை எடுத்துட்டே வந்துட்டாங்க. 'இந்தக் கேள்விக்கு நீ கரெக்டா எழுதியிருக்க. அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சே ரூலை மீறியிருக்க'ன்னு சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? ஆமான்னுட்டேன்."

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் அடுத்த கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியாம எப்படி எழுதுனன்னு கேப்பாங்கள்ல? நீங்க வாசிச்சதை நான் சொல்லமாட்டேண்ணே. செத்தாலும் சொல்லமாட்டேன். உங்களால எத்தனை வீட்டுல அடுப்பு எரியுது."

தெரிந்தே விதியை மீறினார் என்று, விபத்தை ஆராயும் அரசு அலுவலகத்தின் விசாரணை அறிக்கை முடிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார். வேலை அனுமதி ரத்தாகும். குறிப்புடன் ஊருக்கு அனுப்புவார்கள். குணமான பிறகும் இங்கே திரும்பி வர வழியிராது. அதைவிடவும் அவரை வருத்தியது வேறொன்று.

"எம் பொண்ணு போன்ல கேக்குதுண்ணே. 'அப்பா, நீ வேணும்னே தப்பு பண்ணினியா?'ன்னு. அது பத்தாவது படிக்குது. யாரோ அதுகிட்ட சொல்லியிருக்கானுங்க."

எழுத்தறிவில்லாதவனைக் காப்பாற்றுவதாக எண்ணி நான் நிரப்பச் செய்த வட்டம், அவருக்கு எதிரான சாட்சியாக அவர் கட்டிலுக்கே வந்திருந்தது. அவர் கை அறிந்ததுதான் அவரை வீழ்த்தியது. அந்தக் கைக்குத் தெரியாததைத் தாள் கண்டுபிடித்திருக்கும். கண்டுபிடிக்க முடியாதபடி செய்தவன் நான்.

அறிக்கையை அந்த வார வெள்ளிக்கிழமை அலுவலகத்தார் முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன்.

5

என் மனைவி காலமான பின், குவீன்ஸ்டவுனில் வீவக எனப்படும் பழைய அரசு அடுக்குமாடி வீடு ஒன்றில் என் மகள் மலர்விழியுடன் வாழ்கிறேன். தொடக்கப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறாள். பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவள்தான். இப்போது என் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் நூல்களைத் தூசு தட்டி அடுக்கி வைப்பாள், திறந்து பார்க்கமாட்டாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு இடையே சமையல், மருந்து, மின்தூக்கி பழுது ஆகியவற்றுக்குப் போதுமான தமிழ் இருந்தது. அன்று அது போதவில்லை.

விசாரணை அலுவலகத்திற்கு எழுத்து மூலம் வாக்குமூலம் தரவேண்டும், ஆங்கிலத்தில் தட்டித் தா என்று அவளிடம் கேட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க ஏதாவது சைன் பண்ணீங்களாப்பா?"

"இல்லை."

"யாராவது ரெக்கார்ட் பண்ணாங்களா?"

"இல்லை."

"அப்போ எதுக்கு? உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையே. சும்மா இருங்க லா."

"உன் ஸ்கூல்ல பரீட்சை அன்னைக்கு ஒரு டீச்சர் இப்படிச் செஞ்சா என்ன பண்ணுவே?"

"அது வேறப்பா. அவங்க சின்னப் பிள்ளைங்க."

"சின்னப் பிள்ளைங்க மேல தளம் விழாதும்மா."

மடிக்கணினியை எடுத்து வந்தாள். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். ஒரு பக்கம் முடிந்ததும் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் ஆங்கிலம் வேலையிடத்தில் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டது, எழுத வராது. ஆயினும் நான் சொன்ன சொல் இருக்கிறதா இல்லையா என்று தெரியும் அளவுக்கு இருந்தது.

"இந்த வரியில என்ன போட்டிருக்கே?"

"தெளிவா, மெதுவா வாசிச்சேன்னு போட்டிருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லலையே. சரியான விடையை மட்டும் இழுத்து வாசிச்சேன்னு சொன்னேன்."

"மீனிங் ஆல்மோஸ்ட் அதான்பா. இப்படிப் போட்டா உங்களுக்கு சேஃப்."

"மலரு, இப்போ நீ எனக்கு இழுத்து வாசிக்கிறே."

அவள் கணினியை மூடிவிட்டு எழுந்தாள். சமையலறையில் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. கழுவுவதற்குப் பாத்திரம் ஏதும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு என் மீதிருந்த அன்புதான் அந்த வரியை மாற்றியது. என்னையும் இழுத்து வாசிக்கச் செய்தது அத்தகைய அன்புதான். முன்பு என் குரலில் இருந்தபோது அதை நான் அடையாளம் காணவில்லை; இப்போது என் மகளின் விரலில் கண்டேன்.

திரும்பி வந்து அமர்ந்து, அந்த வரியை அழித்தாள்.

"சரி, ஒவ்வொரு வேர்டா சொல்லுங்க. நான் ஒண்ணும் சேக்கமாட்டேன், எடுக்கவும் மாட்டேன்." பிறகு திரையைப் பார்த்தபடியே, "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன். பிறகு சொல்லத் தொடங்கினேன்.

6

வியாழக்கிழமை காலை அலுவலகத்திற்குச் சென்றேன். வரிசைச் சீட்டு எடுத்து, இரண்டு கவுன்ட்டர்களில் தவறாக நின்று, மூன்றாவதில் சரியாக நின்றேன். நடுத்தர வயதுள்ள சீன அம்மையார் ஒருவர் என்னை அழைத்தார். அலுவலகமே அமர்த்திய தமிழ் மொழிபெயர்ப்பாளர் அருகில் இருந்தார். அவர் என் வாக்குமூலத்தை எனக்கே தமிழில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அவர் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. என் குற்றமும் என் முகவரியும் ஒரே சுருதியில் வந்தன. இப்படித்தான் வாசித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இவ்வாறு எத்தனை பேருக்கு வாசித்தீர்கள்?" என்று அம்மையார் கேட்டார்.

"எண்ணவில்லை" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னை ஒரு நேர்மையான முதியவர் என்றே எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணம் அவர் முகத்திலிருந்து நீங்குவதைக் கண்டேன்.

பயிற்சி நிலையத்தில் என் அடையாள அட்டையை மேலாளர் கேட்கும் முன்பே கொடுத்துவிட்டேன். சின்னத்துரையின் அறிக்கையிலிருந்து 'தெரிந்தே' என்ற சொல்லை எடுத்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அவருக்கு அது நிம்மதி தரும் என்று எண்ணித் தொலைபேசியில் அழைத்தேன்.

"எதுக்குண்ணே சொன்னீங்க?" என்றார் அவர். "நானே வாயை மூடிட்டு இருந்தேன்ல? இப்ப எங்க பேட்ச் ஆளுங்களுக்கெல்லாம் மறுபடி டெஸ்டாம். இருபது பேர்ல ஏழு பேரு ஃபெயிலு, வேலை போச்சு. எல்லாரும் என்னையும் உங்களையும் சேத்துத்தான் திட்டுறானுங்க."

அவர் மகளைப் பற்றிக் கேட்டேன்.

"எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிட்டேன், அப்பா வேணும்னு பண்ணலைன்னு." பிறகு, "அதுக்கு மட்டும் நன்றிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊன்றுகோலுடன் அவர் ஊருக்குப் புறப்பட்டபோது என்னை விமான நிலையத்திற்கு வரவேண்டாம் என்றார். நான் போகவில்லை. நீங்கிய அந்த ஏழு பேரும் விமானத்தில் யார் அருகில் அமர்ந்து போனார்களோ தெரியாது.

7

இனி, தேக்காவில் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

வடைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பட்டுக்கோட்டைக்காரரிடம், "வாசல் முகப்புத் தளம் ஒண்ணு. சுவரை மட்டும் பிடிச்சுக்கிட்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. முட்டை எங்கேர்ந்து எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இது என்னண்ணே கேள்வி? செவுத்தோரத்துல இருந்துதான். அப்பத்தானே ஓடறதுக்கு வழி இருக்கும்."

எங்கள் நிலையத்தில் அதே கேள்விக்குச் சரியான வட்டத்தை நிரப்பித் தேறியவர் அவர். ஆறு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார்.

அப்படியில்லை, வெளிமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மேசை மீது முழங்கையை ஊன்றி, முகத்தை என் அருகில் கொண்டுவந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மறுபடி டெஸ்ட் வைக்கிறாங்கன்னு பேசிக்கிறாங்க. இந்தக் கேள்வி வருதாண்ணே? சரி, சரி. வெளிமுனை. அதையே போட்டுடறேன்."

காரணத்தையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரிந்ததா என்றேன். "புரிஞ்சதுண்ணே" என்றார். எழுந்து கூட்டத்தில் கலந்துவிட்டார். அவருடைய பெயரை நான் கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஐயா, அம்மையீர், என் குரலைக் கேட்டுத் தேறியவர்களின் பட்டியல் என்னிடம் இல்லை. அவர்களில் சிலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். சிலர் வேறு நாடுகளுக்குப் போயிருப்பார்கள். சிலர் தங்கள் ஊரிலேயே இப்போது முட்டெடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்களில் எவருக்கேனும் தீங்கு நேர்ந்து, இவர் பயிற்சி பெற்றவர், தாளில் சரியாக எழுதியிருக்கிறார், ஆகவே தெரிந்தே செய்தார் என்று யாரேனும் சொல்லக்கூடும். அன்று காட்டுவதற்கு இது தேவைப்படும்.

இக்குறிப்பைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.